மூன்று முறை வென்றவரை நாலாம் முறையும் அனுப்புவதா? குமரி வாக்காளர் முன்னால் உள்ள வழிகள்

தங்கை மகள் போன மாதம் வீட்டுக்கு வந்திருந்தாள். நர்சிங் படிக்கிறாள். வாக்காளர் அட்டை கைக்கு வந்துவிட்டது, முதல் ஓட்டு இன்னும் போடவில்லை. சாயா குடித்துக்கொண்டிருக்கும்போது கேட்டாள்: "பெரியம்மா, ஏற்கெனவே மூணு தடவ ஜெயிச்ச ஆளு திரும்பவும் நிண்ணா அவருக்கே போடணுமா? புதுசா ஒருத்தருக்குக் குடுத்துப் பாத்தா என்ன?"

உடனே பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆசிரியையாக இருந்த காலத்தில் பல தேர்தல்களுக்கு வாக்குச்சாவடி வேலைக்குப் போயிருக்கிறேன். முந்தின நாளே பெட்டியும் பையுமாகப் போய்ப் பள்ளிக்கூடத் தரையில் படுத்து, விடியுமுன் எழுந்து மாதிரி வாக்குப்பதிவு நடத்தி, இரவு முத்திரை வைத்து ஒப்படைக்கும் வேலை. பல முறை வென்றவரின் முகவரையும் புதிதாக நிற்பவரின் முகவரையும் அங்கே பக்கத்துப் பக்கத்தில் பார்க்கலாம். முன்னவர் வருகிற ஒவ்வொருவரையும் வீட்டுப் பெயரோடு அறிந்தவராக இருப்பார். பின்னவர் பட்டியலில் விரலை ஓட்டித் தேடுவார். அந்த வேறுபாட்டுக்கு ஓட்டுப் போடும் அளவுக்கு மதிப்பு உண்டா? மகளின் கேள்வியும் அதுதான். அன்றிரவு உட்கார்ந்து யோசித்ததை இங்கே எழுதுகிறேன்.

குமரி மாவட்டத்தில் இந்தக் கேள்விக்குத் தனிக் கனம் இருக்கிறது. தமிழ்நாட்டின் 234 சட்டமன்றத் தொகுதிகளில் கடைசி ஆறு எங்களுடையவை: 229 கன்னியாகுமரி, 230 நாகர்கோவில், 231 குளச்சல், 232 பத்மநாபபுரம், 233 விளவங்கோடு, 234 கிள்ளியூர். முன்பு ஏழு இருந்தன. 2008 மறுசீரமைப்பில் திருவட்டார் போய்விட்டது. 1956 நவம்பர் 1 அன்று நான்கு தாலுகாக்களோடு திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து வந்த மாவட்டம் இது. சென்னையில் வீசும் அலை இங்கே பல நேரங்களில் எட்டுவதில்லை. 2011ல் காங்கிரஸ் தமிழகம் முழுவதும் வென்றது ஐந்தே இடங்கள். அதில் மூன்று குளச்சலும் விளவங்கோடும் கிள்ளியூரும். விளவங்கோட்டில் 1977 முதல் 2024 வரை காங்கிரசும் மார்க்சிஸ்ட் கட்சியும் தவிர வேறு யாரும் வென்றதில்லை. 1996ல் பா.ஜ.க.வின் முதல் தமிழகச் சட்டமன்ற உறுப்பினரான வேலாயுதனை அனுப்பியதும் எங்கள் பத்மநாபபுரம்தான். ஆகவே இங்கே ஒருவர் மூன்று முறை வென்றிருக்கிறார் என்றால் அது பெரும்பாலும் மாநில அலையில் மிதந்து வந்த வெற்றியாக இருக்காது. ஊரோடு அவருக்குள்ள உறவில் பிறந்தது அது. அதை லேசாகத் தள்ளிவிட முடியாது.

முதலில் மூத்தவரையே திரும்ப அனுப்பும் வழி. என் வாழ்க்கையில் நடந்ததைச் சொன்னால்தான் நான் நினைப்பது விளங்கும்.

கல்குளம் தாலுகாவில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு சானல் ஓடுகிறது. அக்கரையில் பள்ளிக்கூடம். நான் சிறுபிள்ளையாக இருந்தபோது சானலின் குறுக்கே தென்னந்தடி போட்டிருப்பார்கள். மழைக்காலத்தில் வழுக்கும். பிள்ளைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு பெண்கள் கடப்பதைப் பார்த்தால் நெஞ்சு பதறும். என் அப்பா அப்போதைய உறுப்பினரிடம் மனு கொடுத்தார். பல முறை வென்ற மனிதர். கல்யாண வீடோ துஷ்டி வீடோ, எதையும் தவறவிட மாட்டார். மனுவை வாங்கி, அப்பாவின் தோளில் கை வைத்து, பரிந்துரைக் கடிதம் எழுதிக் கொடுத்தார். அடுத்த தேர்தலுக்கு முன்னால் மறுபடியும் ஒரு கடிதம். அதற்கு அடுத்ததற்கும் ஒன்று. மூன்று கடிதங்களும் ஒரே வாசகம். அப்பா அவற்றைத் தகரப் பெட்டியில் வைத்திருந்தார். அவர் போன பிறகு நான் எடுத்துப் பார்த்தேன். ஒன்றில்கூட எந்த அலுவலகத்துக்கு, எந்த எண்ணில் அனுப்பப்பட்டது என்ற குறிப்பு இல்லை.

அவருக்குப் பின் ஒரு புதியவர் வந்தார். இளைஞர், நல்ல மனசு. வந்த முதல் ஆண்டிலேயே தொகுதி மேம்பாட்டு நிதியில் பாலம் என்று எல்லார் முன்னிலையிலும் சொன்னார். பஞ்சாயத்தில் மதிப்பீடு போட்டார்கள். பிறகுதான் தெரிந்தது, சானல் பஞ்சாயத்துக்குச் சொந்தமில்லை, பொதுப்பணித் துறையுடையது. அவர்களுடைய தடையின்மைச் சான்று இல்லாமல் ஒரு கல் வைக்க முடியாது. சானலில் தண்ணீர் ஓடும் மாதங்களில் வேலையும் செய்ய முடியாது, அடைப்புக் காலத்தில்தான் முடியும். சான்று வருவதற்குள் அந்த ஆண்டின் அடைப்பு முடிந்தது. மறு ஆண்டு மதிப்பீட்டுத் தொகை போதவில்லை. பாலம் அவர் காலத்தில் வரவில்லை. மூன்றாவதாக வந்தவர், முன்பு ஒருமுறை இருந்து தோற்று மறுபடி வந்தவர். அவர் அப்பாவின் மனுவைக்கூடக் கேட்கவில்லை. சானல் எப்போது அடைப்பார்கள் என்று கேட்டார். செயற்பொறியாளர் அலுவலகத்துக்கு நேரே போனார். பாலம் எழும்பியது. இன்று அதில் ஆட்டோ போகிறது.

இந்த மூவரையும் சேர்த்து வைத்துப் பார்க்கும்போது அனுபவம் என்ன தரும் என்பது எனக்குத் தெளிவாகிறது. எந்த வேலை எந்த அலுவலகத்தில், எந்த மாதத்தில், யார் மேசையில் நிற்கும் என்ற அறிவை அது தரும். முதல் முறை வருகிறவர் இதைக் கற்றுக்கொள்ள ஒன்றரை, இரண்டு ஆண்டு ஆகும். ஐந்தில் இரண்டு போனால் மிச்சம் மூன்றுதான், அதிலும் கடைசி ஆண்டு தேர்தல் வேலையில் கரையும். ஆனால் அந்த அறிவு வந்த பிறகும் அதைப் பயன்படுத்தாமல், கடிதம் மட்டும் எழுதிக்கொண்டிருந்தால்? அப்பா பார்த்த அந்த முதல் மனிதருக்கு மூன்று முறை என்பது ஒரே முறையை மூன்று தடவை வாழ்ந்ததுதான். அவர் கெட்டவர் இல்லை. எங்கள் வீட்டு மரணத்துக்கு வந்து அழுதவர். அந்தப் பாசத்தை நான் இன்றைக்கும் மறக்கவில்லை, ஆனால் பாசத்தால் பாலம் வரவில்லை.

நீண்ட அரசியல் வாழ்வு என்றால் இந்த மாவட்டத்தில் முதலில் நினைக்க வேண்டியவர் நேசமணி. பள்ளியாடியில் பிறந்த வழக்கறிஞர். 1952ல் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் சார்பில் நாகர்கோவிலிலிருந்து மக்களவை, 1957ல் கிள்ளியூரிலிருந்து சென்னைச் சட்டமன்றம், 1962லும் 1967லும் மறுபடி மக்களவை. 1968ல் இறக்கும்போதும் பதவியில் இருந்தார். இத்தனை முறை வென்றார் என்பதற்காக மட்டும் யாரும் அவரை நினைப்பதில்லை. தமிழ்த் தாலுகாக்களைத் தமிழகத்தோடு சேர்க்க வேண்டும் என்ற ஒரே கோரிக்கையை 1940களிலிருந்து 1956 வரை அவர் கீழே வைக்கவில்லை. 1954 ஆகஸ்ட் 11ல் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச் சூடு நடந்த பிறகும் வைக்கவில்லை. கேட்டது முழுவதும் கிடைக்கவில்லை. தேவிகுளமும் பீர்மேடும் வரவில்லை. கிடைத்தது தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கும் செங்கோட்டையின் ஒரு பகுதியும். அந்த நான்கின் மண்ணில் நின்றுதான் இதை எழுதுகிறேன். எனக்கு நீண்ட சேவையின் அளவுகோல் அவர்தான்: ஒரு கோரிக்கையை எத்தனை ஆண்டு விடாமல் தொடர்ந்தார்?

அந்த அளவுகோலை இன்றைய சட்டமன்ற உறுப்பினர் மேல் எப்படி வைத்துப் பார்ப்பது? கல்யாண வீட்டில் வைத்துப் பார்க்க முடியாது, சபையில்தான் பார்க்க முடியும். ஓர் உறுப்பினர் கையில் பல கருவிகள் இருக்கின்றன. கேள்வி நேரம் இருக்கிறது. பட்ஜெட்டுக்குப் பின் துறைவாரியாக மானியக் கோரிக்கை விவாதம் இருக்கிறது. அதில் வெட்டுத் தீர்மானம் கொடுக்கலாம், அதாவது துறைக்குக் கேட்கும் தொகையைக் குறைக்கச் சொல்லிக் குறையைப் பதிவு செய்யலாம். அவசரமான விஷயத்துக்குக் கவன ஈர்ப்பு. இவற்றையெல்லாம்விட நம் ஆட்கள் அதிகம் பேசாத ஒன்று, அரசு உறுதிமொழிக் குழு. அமைச்சர் சபையில் எழுந்து செய்து தருவதாகச் சொன்னால் அது காற்றில் போவதில்லை. உறுதிமொழியாகப் பதிவாகிறது. நிறைவேறியதா என்று அந்தக் குழு கேட்கும், மாவட்டங்களுக்கு நேரில் வந்தும் பார்க்கும். உறுதிமொழியை வாங்கத் தெரிந்தவரும் வாங்கியதைத் துரத்தத் தெரிந்தவரும் அனுபவசாலிகள்தான். இங்கே மூத்த உறுப்பினருக்குப் புதியவரைவிட நிச்சயமாக ஒரு படி கூடுதல் உண்டு. 2022 ஜனவரி முதல் கேள்வி நேரம் நேரலையிலும் வருகிறது. சபை நடவடிக்கைக் குறிப்புகள் அச்சாகின்றன. ஆகவே எங்கள் ஆள் பேசினாரா இல்லையா என்பது இனி சாயாக்கடை வாக்குவாதமாக இருக்க வேண்டியதில்லை.

ஒரு உதாரணம் சொல்கிறேன். நெய்யாறு இடதுகரைக் கால்வாய். அணை கேரளத்தில், வயல் விளவங்கோடு தாலுகாவில். 2004க்குப் பிறகு கேரளம் தண்ணீர் விடுவதை நிறுத்தியது. வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. கால்வாயில் புதர் மண்டிப் போன இடங்களை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். நெல்லும் வாழையும் இருந்த இடத்தில் ரப்பர் வந்துவிட்டது. தண்ணீர் வராத வயலை மனிதன் எத்தனை வருடம் காத்து வைப்பான்? இந்த விஷயத்தை எந்த ஒரு உறுப்பினரும் ஐந்து ஆண்டில் தீர்த்துவிட முடியாது. வழக்கின் போக்கு, பழைய ஒப்புதல்கள், இரண்டு மாநிலப் பொதுப்பணித் துறைகளின் கடிதங்கள் என்று இதன் கோப்பு ஒரு ஆள் உயரம் இருக்கும். ஐந்தாண்டுக்கு ஒருமுறை ஆளை மாற்றினால் ஒவ்வொரு முறையும் முதல் பக்கத்திலிருந்து படிக்க வேண்டும். இதுபோன்ற நெடுங்காலப் பிரச்சினை உள்ள தொகுதிக்கு மூத்தவர் தேவை, அவர் அதைத் தொடர்ந்து எடுத்திருந்தால். ஒரு முறைகூட எடுக்கவில்லை என்றால் மூப்பினால் அந்த வயலுக்கு ஒரு சொட்டுத் தண்ணீரும் இல்லை.

மூத்தவரை நம்புவதில் இன்னொரு ஆபத்தும் உண்டு. விளவங்கோட்டுக்காரர்களுக்கு அதை விளக்கவே வேண்டாம். 2011, 2016, 2021 என்று மூன்று முறை காங்கிரசில் வென்ற விஜயதரணி 2024 பிப்ரவரியில் பா.ஜ.க.வில் சேர்ந்து பதவியை விட்டார். ஏப்ரலில் மக்களவைத் தேர்தலோடு இடைத்தேர்தல் வந்தது. காங்கிரசின் தாரகை கத்பர்ட் வென்றார். ஒருவர் கட்சி மாறுவது அவருடைய உரிமை, அதைப் பற்றி நான் தீர்ப்புச் சொல்ல வரவில்லை. ஆனால் ஒரு வாக்காளர் கவனிக்க வேண்டியது இதுதான்: கட்சியைத் தானாக விட்டால் உறுப்பினர் பதவியும் போகும் என்பது 1985 முதல் உள்ள கட்சித்தாவல் தடைச் சட்டம். ஏறக்குறைய பதின்மூன்று வருடம் சேர்த்து வைத்த தொடர்பும் அலுவலக அறிவும் அவரோடு போய்விடும். தொகுதிக்கு மிஞ்சுவது, அவர் எழுத்தில் விட்டுப்போனவை மட்டும். எனவே மூத்தவரிடம் கேட்க வேண்டிய கேள்விகளில் ஒன்று, உங்களுக்குப் பின் யார் என்பது. தனக்குக் கீழே ஒருவரையாவது வளர்த்திருக்கிறாரா? பதினைந்து ஆண்டாக அதே அலுவலகத்தில் அதே இரண்டு பேர்தான் மனு வாங்குகிறார்களா?

இனி புதுமுகம். புதியவர்களால் முடியாது என்று நான் சொன்னால் அது பொய்யாகும். 1957ல் குளச்சலிலிருந்து முதல் முறையாகச் சென்னைச் சட்டமன்றத்துக்குப் போன லூர்தம்மாள் சைமன், காமராஜர் அமைச்சரவையில் அமைச்சரானார். உள்ளாட்சியும் மீன்வளமும் அவர் பொறுப்பில் இருந்தன. கடற்கரையில் பிறந்த ஒரு பெண், மாவட்டம் தமிழகத்தோடு சேர்ந்த மறு ஆண்டே, மீன்வளத் துறையைப் பார்த்தார். வள்ளத்துக்கும் மடி வலைக்கும் என்ன தேவை என்று அவருக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியிருக்கவில்லை. சபை அனுபவம் இல்லாத குறையை அந்தப் பிழைப்பின் அறிவு நிரப்பியது. ஆகவே புதியவரை எடைபோடும்போது வயதையும் துடிப்பையும் மட்டும் பார்க்காமல், எந்தப் பிழைப்பை உள்ளிருந்து அறிந்தவர் என்று பார்க்க வேண்டும். ரப்பர் பால் வெட்டுகிறவரின் கூலிக் கணக்கு தெரியுமா? மழைக்காலத்தில் வெட்டு நின்றால் அந்த வீட்டில் எத்தனை நாள் அடுப்பு எரியும் என்று தெரியுமா? தேங்காய்ப்பட்டணம் துறைமுக முகத்துவாரத்தில் மணல் மேடிட்டுப் படகுகள் கவிழ்ந்ததைச் செய்தியாகப் படித்தவரா, அந்தக் கரையில் நின்று அழுதவரா?

புதியவர் அதே கட்சிக்காரர் என்றால் மூத்தவரின் அலுவலகமும் பழைய கோப்புகளும் ஓரளவு கைக்கு வரும், கற்றுக்கொள்ளும் காலம் குறையும். வேறு கட்சிக்காரர் என்றால் எல்லாம் புதிதாகத் தொடங்க வேண்டும். ஆனால் பழைய ஆளின் தவறுகளை மறைக்க வேண்டிய கட்டாயம் அவருக்கு இல்லை. எங்கள் சானல் பாலக் கதையில் இரண்டாவதாக வந்த இளைஞர் வேறு கட்சி. முன்னவரின் கடிதங்கள் எங்கே போயின என்று அவர்தான் பொதுக்கூட்டத்தில் கேட்டார். அந்தக் கேள்விக்காக அவரை நான் மதிக்கிறேன்.

அடுத்த வழியைத்தான் எங்கள் ஊரில் அதிகம் பேர் சொல்வார்கள். "ஆள வரக்கூடிய கட்சிக்குப் போடு, அப்பத்தான் ஏதாவது நடக்கும்." இதைச் சும்மா தள்ளிவிடக் கூடாது, சோதித்துப் பார்க்க வேண்டும். கன்னியாகுமரித் தொகுதியைப் பாருங்கள். 1996ல் தி.மு.க. சுரேஷ்ராஜன், 2001ல் அ.தி.மு.க. தளவாய் சுந்தரம், 2006ல் மறுபடி சுரேஷ்ராஜன், 2011ல் அ.தி.மு.க. பச்சைமால். நான்கு தேர்தலிலும் எந்தக் கட்சி கோட்டைக்குப் போனதோ அந்தக் கட்சியே தொகுதியில் வென்றது. பிறகு 2016ல் அ.தி.மு.க. ஆட்சி, தொகுதியில் வென்றவர் தி.மு.க. ஆஸ்டின். 2021ல் தி.மு.க. ஆட்சி, தொகுதியில் மறுபடி தளவாய் சுந்தரம். கணித்துப் போடும் வித்தை அந்த இரண்டு முறையும் பலிக்கவில்லை. யார் ஆளுவார் என்று நாலு ஜோசியரைக் கேட்டாலும் நாலு பதில்தான் வரும். கணிப்பு தவறினால் கையில் இருப்பது, ஆளும் கட்சி என்ற ஒரே காரணத்துக்காகத் தேர்ந்தெடுக்கப்பட்டு எதிர்வரிசையில் உட்கார்ந்திருக்கும் ஒருவர்.

ஆனாலும் இந்த வாதத்தில் உண்மை இருக்கிறது என்பதை ஒத்துக்கொள்ள வேண்டும். 2016ல் மாவட்டத்தின் ஆறு தொகுதிகளையும் தி.மு.க.-காங்கிரஸ் கூட்டணி வென்றது. ஆளும் கட்சி உறுப்பினர் ஒருவர்கூட இங்கே இல்லை. 2017 நவம்பர் கடைசியில் ஓகி புயல் வந்தது. தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை பக்கத்து வீடுகளில் ஆழ்கடலுக்குப் போன ஆண்கள் திரும்பவில்லை. தேடுவதற்குக் கப்பல் அனுப்பச் சொல்லிக் குடும்பங்கள் குழித்துறை ரயில் நிலையத்தில் தண்டவாளத்தில் உட்கார்ந்தார்கள். அந்த நாட்களில் ஆளும் கட்சி உறுப்பினர் ஒருவர் மாவட்டத்தில் இருந்திருந்தால் சென்னையில் தொலைபேசி இன்னும் சீக்கிரம் எடுக்கப்பட்டிருக்குமோ என்று நான் இன்றும் நினைக்கிறேன். மக்களவையிலும் அப்படி ஒரு உதாரணம் உண்டு. பொன். ராதாகிருஷ்ணன் 1999லும் 2014லும் வென்றபோது இரண்டு முறையும் மத்தியில் அவர் கட்சி ஆட்சி, இரண்டு முறையும் அவர் இணை அமைச்சர். மார்த்தாண்டம், பார்வதிபுரம் மேம்பாலங்கள் அந்த இரண்டாவது காலத்தின் வேலை. பாலம் வேண்டுமா வேண்டாமா என்று அப்போது ஊரில் பெரிய சண்டை நடந்தது, கடைக்காரர்களின் வருத்தத்தில் நியாயமும் இருந்தது. ஆனால் அதிகாரத்தில் இருந்தவர் நினைத்தார், நடந்தது என்பதை மறுக்க முடியாது. முன்பு நாகர்கோவில் என்ற பெயரில் இருந்த இதே மக்களவைத் தொகுதியில் டென்னிஸ் 1980 முதல் 1998 வரை தொடர்ந்து ஆறு தேர்தல்களில் வென்றார். எண்ணிக்கையில் பொன்னாருக்கு மூன்று மடங்கு. இருவரில் யார் பெயர் எந்தப் பாலத்தோடு, எந்த ரயிலோடு சேர்த்துச் சொல்லப்படுகிறது என்று ஒவ்வொரு வீட்டிலும் பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். பதில் ஊருக்கு ஊர் மாறும், கேட்பதே நல்ல பாடம்.

திரும்பத் திரும்ப நின்று தோற்றவரைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த மாவட்டத்தில் அப்படிப்பட்டவர்கள் உண்டு. நாகர்கோவிலில் எம்.ஆர். காந்தி பல தேர்தல்களில் தோற்ற பிறகு 2021ல் சுரேஷ்ராஜனை வென்றார். செருப்புப் போடாமல் நடப்பவர் என்று எல்லாருக்கும் தெரியும். இத்தகையவரிடம் பதவி இல்லாமலே பல ஆண்டு மக்களோடு இருந்த அனுபவம் இருக்கும். ஆனால் சபை அனுபவம் புதியவருக்குள்ள அளவுதான். ஊர் அறிமுகம் மூத்தவரைப் போல, அலுவலக அறிமுகம் புதியவரைப் போல. அனுதாபத்தில் ஒரு முறை போட்டால் தப்பில்லை என்று நினைப்பவர்களை எனக்குத் தெரியும். எனக்கு அனுதாபம் போதாது. தோற்ற காலத்தில் எந்தக் கோரிக்கையைக் கையில் வைத்திருந்தார் என்று பார்ப்பேன்.

வெளியூர்ப் பெரிய பெயர் என்ற வழி இப்போது அவ்வளவாக இல்லை. 1967ல் விருதுநகரில் தோற்ற காமராஜரை, நேசமணி மறைந்த பின் வந்த 1969 இடைத்தேர்தலில் நாகர்கோவில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்கு வித்தியாசத்தில் அனுப்பியது. அதைப் பற்றி என் அம்மா கடைசிவரை பெருமையாகப் பேசினாள். காமராஜரைப் போல ஒருவர் வந்து நின்றால் இந்த ஒப்பீடே தேவைப்படாது.

சரி, நான் எப்படி முடிவு செய்வேன்? கடைசியாக நிற்பது ஆளும் கட்சிக் கணிப்பு. இரண்டு பேர் எல்லா வகையிலும் சமம் என்றால் மட்டும் அதைப் பார்ப்பேன். தீர்மானம் உண்மையில் மூத்தவருக்கும் புதியவருக்கும் இடையேதான். மூத்தவர் தன் முந்தைய காலத்தில் ஒரே ஒரு பெரிய கோரிக்கையையாவது சபையில் எழுப்பி, அமைச்சரிடம் பதில் வாங்கி, அந்தப் பதிலை அடுத்த ஆண்டும் அதற்கடுத்த ஆண்டும் துரத்தியிருந்தால், கோரிக்கை இன்னும் நிறைவேறாவிட்டாலும் என் ஓட்டு அவருக்கு. ஆறு மாதத்துக்கு ஒரு கூட்டம் நடக்காத குறையோ, போன் எடுக்காத குறையோ அதை மாற்றாது. அப்படி ஒன்றும் காட்ட முடியவில்லை என்றால், அவர் எத்தனை முறை வென்றிருந்தாலும், என் வீட்டுத் துஷ்டிக்கு எத்தனை முறை வந்திருந்தாலும், பிழைப்பை உள்ளிருந்து அறிந்த புதியவருக்குப் போடுவேன். புதியவர் பிழைப்பு அறியாதவர், மூத்தவர் செய்ததைக் காட்டக் காகிதம் இல்லாதவர் என்றால் அது கடினமான தேர்தல். அப்போது நான் இளையவரையே எடுப்பேன். காரணம், மூத்தவர் இனிக் கற்றுக்கொள்ள மாட்டார் என்று எனக்கு ஏற்கெனவே தெரியும்.

மகளுக்கு இதையெல்லாம் சொன்னேன். "காகிதத்த எங்க போய்த் தேடுறது பெரியம்மா?" என்று கேட்டாள். நியாயமான கேள்வி. 2022ல் முதலமைச்சர் 234 உறுப்பினர்களிடமும் தொகுதியின் பத்து முக்கியக் கோரிக்கைகளைக் கேட்டு வாங்கினார். எங்கள் உறுப்பினர் எந்தப் பத்தைக் கொடுத்தார், அதில் எத்தனை முடிந்தது என்று கேட்பது முதல் காகிதம். தொகுதி மேம்பாட்டு நிதி ஆண்டுக்கு மூன்று கோடி, அது எந்த ஊரில் எந்த வேலைக்குப் போனது என்பது இரண்டாவது. ஊரக வளர்ச்சி அலுவலகத்தில் பட்டியல் இருக்கும், தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டணத்தில் கேட்கலாம். மூன்றாவது, வேட்புமனுவோடு தரும் படிவம் 26. சொத்தும் வழக்கும் அதில் இருக்கிறது. மூத்தவர் என்றால் முந்தைய தேர்தலின் படிவத்தையும் எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

அவள் நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டாள். பிறகு எனக்குத் தோன்றாத ஒன்றைக் கேட்டாள். "இதயெல்லாம் அவருகிட்டயே கேட்டா என்ன? ஓட்டுக் கேட்டு ஜீப்புல வருவாருல்லா?"

கேட்கலாம் மக்ளே. ஜங்ஷனில் ஜீப் நிற்கும் ஐந்து நிமிடத்தில் மூன்று கேள்விக்கு நேரம் இருக்காது, ஒன்றுதான் கேட்க முடியும். நெய்யாறு கால்வாயைப் பற்றியோ தேங்காய்ப்பட்டணத்தைப் பற்றியோ அவள் கேட்கட்டும், கேட்பதைச் சபையில் எந்த ஆண்டு எழுப்பினீர்கள் என்று ஆண்டோடு கேட்கட்டும். ஆண்டைச் சொல்கிறவரா, தோளில் கை வைக்கிறவரா என்று பார்த்துக்கொண்டு வந்து என்னிடம் சொல்வதாகப் போயிருக்கிறாள்.